கதவோரம் வைக்கவேண்டிய பெட்டி

அடுக்கு மேஸ்திரி லாரியைப் பார்க்கிற விதமே தனி. காலி லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, குடிபோகப் போகிற வீட்டைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் உள்ளே பார்ப்பார். பிறகு திரும்பி, தரையில் மலைபோல் குவிந்திருக்கும் பெட்டிகளைப் பார்ப்பார். அவ்வளவுதான். அதற்குமேல் வாய்தான் வேலை செய்யும்.

"அது அடியில போகட்டும். இது நடுவுல. கண்ணாடியை நிக்க வை, படுக்க வைக்காத, அது என்ன உன்ன மாதிரியா? டேய், அது ரெண்டாவது ஊர்ப் பெட்டிடா, அதை ஏன் இப்பவே தூக்கற? அதுக்கு என்ன முகூர்த்தம் தவறுதா?"

அந்தப் பார்சல் கிடங்கிலிருந்து கிளம்பும் லாரி ஒரே பயணத்தில் எட்டு ஒன்பது ஊர்களில் நின்று சரக்கு இறக்கும். முதலில் வரும் ஊரின் பெட்டி கதவோரம் இருக்கவேண்டும். கடைசி ஊரின் பெட்டி ஆழத்தில், டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஒன்று மாறினாலும் பாதி வழியில் பாதி லாரியை இறக்கி ஏற்றியாக வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அடுக்கிய எந்த லாரியிலும் அப்படி ஒரு பெட்டியை இறக்கி ஏற்றியதில்லை. "மேஸ்திரி வண்டியா? கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டு, வேண்டியது வரும்" என்பார்கள் டிரைவர்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவருக்கு அந்த ஒரு பேச்சுதான் பட்டம்.

அவர் குடும்பம் இருக்கும் வீட்டின் மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். காகிதத்தில் வரும் இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் ஓர் அலுவலகத்தில் வேலை. எங்கள் கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் இருக்கத்தான் பார்க்கிறேன், எப்படியோ பேச்சில் வந்துவிடுகிறது. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன். மேஸ்திரியின் மனைவி முதல் தடவை மாடிக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "முகம் பாக்கற கண்ணாடி மாட்டவேண்டிய எடத்துல சர்டிபிகேட்டா? அப்ப தினமும் தலை சீவறது இதுலதானா தம்பி?" என்றார்.

அந்த அக்கா சட்டை தைக்கிற கம்பெனியில் காஜா மிஷினில் உட்காருபவர். நாள் முழுக்கப் பட்டன் துளை. வீட்டுக்கு வந்த பிறகும் வாய் மட்டும் அந்த வேலையை நிறுத்தாது. மேஸ்திரி சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தால், "ஊருக்கெல்லாம் எது உள்ள எது வெளியன்னு சொல்றீங்க, உங்க சட்டைக்கு யார் சொல்றது?" என்று வரும். அவரும் சிரித்துக்கொண்டே கழற்றித் திருப்பிப் போடுவார். கீழ்வீட்டின் பேச்சு மாடிக்குக் கேட்டபடியே இருக்கும். தனியாக இருக்கிறவனுக்கு அது ரேடியோ மாதிரி.

அன்று அக்கா வந்தது தலை சீவுவதைப் பற்றிக் கேட்க அல்ல.

"தம்பி, நம்ம பாப்பா காலேஜுக்கு எழுதிப் போடணுமாம். எல்லாம் கம்ப்யூட்டர்லயாம். அவ சொல்றது எங்க ரெண்டு பேருக்கும் தலையும் புரியல வாலும் புரியல. கேட்டா, 'உங்களுக்குச் சொன்னாப் புரியாதும்மா'ங்கறா. புரியாதுதான், நான் இல்லேங்கல. ஆனா அதை அவ சொல்லலாமா?"

பாப்பா என்று அவர் சொன்ன பெண்ணுக்குப் பதினேழு வயது. நன்றாகப் படிக்கிறவள். முட்டை வாங்கி வந்த அட்டைத் தட்டுகளில் முட்டைக்குப் பதில் கற்களை வைத்திருப்பாள். சாலை போடக் கொட்டிய ஜல்லிக் குவியலில் பொறுக்கியது, ஆற்றுப் பாலத்தடியில் எடுத்தது, யாரோ உடைத்துப் போட்ட சமையல் மேடைத் துண்டு என்று ஒவ்வொரு குழியிலும் ஒன்று. நிலவியல் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அந்தப் படிப்பு அவள் மதிப்பெண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய ஊரில். நாற்பது இடம்.

"கல்லையும் மண்ணையும் படிக்க அவ்ளோ தூரம் போகணுமா? நான் இங்கயே தினமும் சுமக்கறேனே" என்பார் மேஸ்திரி.

"நீங்க சுமக்கறீங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"பில்லுல போட்டிருப்பான்ல?"

அவள் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் கிடங்கில் கல் சிலையோ பளிங்குப் பலகையோ உடைந்து போனால், ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் அந்த அட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போவதும் அவர்தான்.

நான் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கல்லூரிக்கு எழுதிப் போட்டபோது என் அப்பாவுக்கு எதையும் விளக்கவில்லை. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். மூன்று வருடமும், "அந்த வேலை எப்ப முடியும்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டமளிப்பு அன்று அங்கி போட்ட என்னைப் பார்த்து, "இனிமே இதைத்தான் போட்டுக்கணுமா?" என்று கவலைப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. பிள்ளை எந்தக் கதவு வழியாகப் போகிறது என்று பெற்றவர்களுக்குத் தெரியவேண்டும், தெரியாமல் அவர்களை வாசலில் நிறுத்தக்கூடாது என்று அப்போதே மனசுக்குள் ஒரு வைராக்கியம். மேஸ்திரி வீட்டில் அதைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாடம். முதல் ஞாயிறு மேஸ்திரி இஸ்திரி போட்ட சட்டையும், கையில் பிளாஸ்டிக் பைலுமாக மாடிப்படி ஏறி வந்தார்.

"எங்க அண்ணே கிளம்பிட்டீங்க?"

"அப்ளிகேஷன் போடணும்னீங்களே. யாரைப் போய் பாக்கணும்?"

"யாரையும் பாக்கவேணாம்ணே. இங்கேருந்தே அனுப்பிடலாம்."

"அது சரி. அங்க வாங்கிக்கறது யாரு?"

"யாரும் இல்ல. மிஷின்தான்."

அவர் பைலை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அப்ப நாம நல்ல குடும்பம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"மார்க்க மட்டும்தான் பாப்பாங்க."

"சட்டைக்கு வேற கஞ்சி போட்டேன்" என்றார் அக்கா.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தேன். மதிப்பெண்ணை வைத்து எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துவார்கள். அதற்குப் பெயர் ரேங்க். நாம் எட்டுப் படிப்புகளை விருப்பப் பட்டியலாகக் கொடுக்கவேண்டும். எட்டையும் நிரப்பினால்தான் பட்டியல் பதிவாகும். நம் முறை வரும்போது மிஷின் நம் முதல் விருப்பத்தில் தொடங்கிப் பார்த்துக்கொண்டே போகும். எதில் இடம் காலியோ அதைக் கொடுத்துவிட்டு அத்தோடு நின்றுவிடும். பெண்ணுக்கென்று தனி போன் இல்லை. வீட்டுக்கே ஒரு போன்தான், அது மேஸ்திரியிடம். அதனால் எல்லா செய்தியும் ஓடிபியும் அவர் எண்ணுக்குத்தான் வரும். ஓடிபி என்றால் என்ன, அதை எங்கே போடுவது, பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் அது எப்படி மேலே கீழே நகரும் எல்லாம் அவர் போனிலேயே காட்டினேன். அந்தத் தடித்த கட்டை விரல் அம்புக்குறியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டது. "மெதுவா, மெதுவா, அது முந்நூறு கிலோ மரப்பெட்டி இல்ல" என்றார் அக்கா.

எல்லாம் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு மூன்றாவது ஞாயிறும் மேஸ்திரி அதே இடத்தில் வந்து நின்றார்.

"தம்பி, எனக்கு ஒண்ணு மட்டும் உதைக்குது. ஒண்ணுதானே வேணும்? அப்பறம் எதுக்கு எட்டு? எட்டு கேட்டா, இவனுக்கு எதுன்னாலும் பரவால்லன்னு ஏதாவது ஒண்ணைத் தூக்கிக் குடுத்துற மாட்டானா?"

"வரிசை இருக்கில்லண்ணே. அந்த வரிசைப்படிதான் எடுப்பாங்க."

"எந்த வரிசைப்படி?"

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலில் தீப்பெட்டிக் கட்டு ஒன்று இருந்தது. எட்டை உருவி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு படிப்பின் பெயரை எழுதி அவர் முன்னால் வைத்தேன். அப்போதுதான் அது என் வாயில் வந்தது. வந்ததற்காக அன்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

"உங்க லாரி மாதிரிதாண்ணே இது. எது முதல்ல கைக்கு வரணுமோ அதை அதுக்குண்டான எடத்துல வைக்கணும். கடைசிக்கு ஆகட்டும்ங்கறதை அந்தக் கோடியில தள்ளிடணும். அவ்ளோதான்."

அவர் முகம் மலர்ந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

"அட! இத முதல்லயே சொல்லக்கூடாதா? மூணு வாரமா மிஷின் மிஷின்னு பயமுறுத்திக்கிட்டு!"

சம்மணம் போட்டு உட்கார்ந்து, தீப்பெட்டிகளை எடுத்துச் சுவரிலிருந்து கதவைப் பார்த்து வரிசையாக அடுக்கினார். சுவரை ஒட்டி, நகரப் பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் இருக்கும் கல்லூரியின் அலுவலக நிர்வாகப் படிப்பு. எட்டு நிரம்பவேண்டுமே என்று பெண் இடத்தை அடைக்கப் போட்டது அது. கதவோரத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில், நிலவியல். நடுவில் மற்ற ஆறும், ஒன்றுகூடத் தப்பில்லாமல்.

"சரியா?"

"கரெக்ட்டுண்ணே! சென்டம்!" என்றேன். கைகூடத் தட்டினேன்.

தரையில் கிடக்கும் எட்டுத் தீப்பெட்டிக்கு மேல் கீழ் கிடையாது. அந்த வரிசைக்கு எந்தப் பக்கம் தலை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்காவுக்கு அன்று கம்பெனியில் ஓவர்டைம். பெண் அப்போது கீழே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "நீங்க ரெண்டு பேரும் விளையாடி முடிச்சதும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பட்டியலைப் பதிவு செய்தது ஒரு வியாழன் மாலை. மேஸ்திரி அப்போது கிடங்கில் இருந்தார். நான் போன் செய்து ஓடிபி கேட்டேன், அவர் ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பெண் என் கம்ப்யூட்டரில் தானே அழுத்தினாள். ஒன்று, நிலவியல். எட்டு, அலுவலக நிர்வாகம். மறுநாள் மாலை ஐந்து மணி வரைக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஐந்து அடித்தால் பூட்டிவிடும். மாற்ற எங்களுக்கு என்ன இருந்தது?

வெள்ளிக்கிழமை என் அலுவலகத்தில் வழக்கம்போல் போனை வாசல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஐந்தரைக்கு வெளியே வந்து எடுத்தபோது மேஸ்திரியிடமிருந்து ஏழு அழைப்பு. திருப்பி அழைத்தேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஒரு சின்ன சந்தேகம். நானே தீத்துக்கிட்டேன்."

குரலில் அப்படி ஒரு தெம்பு. மாணவர் தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை அவர் வேலை முடிந்து வந்தபோது தலையில் ஒரு புதுப் பயணப் பெட்டி. நீல நிறம், கீழே நான்கு சக்கரம்.

"ஏம்பா, சக்கரம் இருக்கில்ல? உருட்டிட்டு வரலாம்ல?" என்றாள் பெண்.

"புதுச் சக்கரம். அவ்ளோ தூரம் போகப்போறது. இங்கயே தேஞ்சுடக் கூடாதில்ல?"

"இன்னும் சீட்டே வரல, அதுக்குள்ள பெட்டியா? உங்கப்பாவுக்குக் காலும் ஓடல கையும் ஓடல" என்றார் அக்கா. ஆனால் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஜிப்பாக இழுத்துப் பார்த்ததும், தையல் சரியில்லை என்று குறை சொன்னதும், நிலைப்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்ததும் அவர்தான். மேஸ்திரி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முடிவு வரும்வரை ஏதோ ஒரு நல்ல ரகசியத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறவர்போல் நடமாடினார்.

புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு முடிவு. நான் அரைநாள் விடுப்பு. அக்காவும் போகவில்லை. நான்கு பேரும் மாடி அறையில், என் சான்றிதழுக்குக் கீழே. விண்ணப்ப எண்ணைப் போட்டேன். பச்சை எழுத்தில் வந்தது.

'வாழ்த்துகள். உங்கள் முதல் விருப்பமே உங்களுக்குக் கிடைத்துள்ளது.'

அக்கா மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்துவிட்டார். மேஸ்திரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தைக் கீழே நகர்த்தினேன். படிப்பு: அலுவலக நிர்வாகம். கல்லூரி: பேருந்து கடைசியாக நிற்குமிடம்.

தப்பான எண்ணைப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். அதே பச்சை. அதே வாழ்த்து. பெண் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, பூட்டிய பட்டியலைத் திறந்தாள். எட்டும் தலைகீழாக இருந்தது. நிலவியல் எட்டாம் இடத்தில்.

"யார் மாத்தினது?"

"நான்தான் பாப்பா" என்றார் மேஸ்திரி. இன்னும் சிரிப்பு மாறவில்லை அவருக்கு. "நீ தப்பாப் போட்டுட்ட. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மெசேஜ் வந்துச்சு, ஒரு தடவை சரிபாருங்கன்னு. திறந்து பாத்தா உன் கல்லுப் படிப்பை ஒண்ணாம் நம்பர்ல போட்டு வச்சிருக்க! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தம்பிக்கு அடிச்சேன், எடுக்கல. உனக்குப் போன் இல்ல. அம்மா கம்பெனில கூப்பிட முடியாது. அஞ்சு மணிக்குப் பூட்டிடுவான். அம்புக்குறியைத் தொட்டுத் தொட்டு, முக்கால் மணி நேரம் ஆச்சு. வெளிய ஒரு வண்டி ஆரன் அடிச்சுக்கிட்டே நின்னுது. நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"ஒண்ணாம் நம்பர்ல போட்டா என்னப்பா தப்பு?" அவள் குரல் எழும்பவேயில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். கிடங்கின் லோடு லிஸ்ட். இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. எண் போட்டு எட்டு ஊர்கள். லாரியில் எந்த வரிசையில் ஏற்றவேண்டுமோ அந்த வரிசையில் எழுதியிருந்தது. ஒன்றாம் எண்ணில் கடைசி ஊர். அது முதலில் ஏறி ஆழத்துக்குப் போகும். எட்டாம் எண்ணில் முதல் ஊர். அதுதான் கதவோரம். இருபத்திரண்டு வருடமாக அவர் கையில் இருந்த காகிதத்தில் ஒன்று என்றால் கடைசியில் வெளியே வருவது.

"ஒண்ணாம் நம்பர்னா அடியில போறதுதானே தம்பி?" என்றார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு மகள் முகத்தை. அந்தச் சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. "லாரி மாதிரின்னுதானே..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கல்லூரிச் சேர்க்கை உதவி மையத்துக்குப் போனோம். இத்தனை நாள் காத்திருந்து மேஸ்திரிக்கு ஒருவழியாகப் போய்ப் பார்க்க ஓர் ஆள் கிடைத்தார். அதே இஸ்திரி சட்டை, அதே பைல். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டார்.

"ஓடிபி யார் போனுக்கு வந்துச்சு?"

"என் போனுக்குத்தாங்க."

"நீங்களே போட்டீங்களா?"

"நானே போட்டேங்க."

அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நேரம் பதிவாகியிருந்தது: நான்கு ஐம்பத்திரண்டு. "நீங்க கேட்டதைத்தான் குடுத்திருக்கு. முதல் விருப்பம் கெடச்சவங்களை அடுத்த சுத்துல சேக்க மாட்டாங்க. பள்ளிக்கூடம் முடிச்ச வருஷமே எழுதினாத்தான் உண்டு, அடுத்த வருஷமும் முடியாது. இதையும் வேணாம்னா எதுவும் இல்ல."

பெண் ஒரு கேள்விதான் கேட்டாள். "நிலவியல்ல கடைசி சீட் எந்த ரேங்க்குக்குப் போச்சு?"

அந்த அம்மா தேடி எடுத்துச் சொன்னார். பெண்ணுக்கு அறுபத்திரண்டு ரேங்க் பின்னால் இருந்தவருக்குப் போயிருந்தது அந்தக் கடைசி சீட்.

"அப்படின்னா?" என்றார் மேஸ்திரி என்னிடம்.

நான் விளக்கவேண்டிய அவசியம் இல்லை. வரிசை என்றால் என்ன என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

திரும்பி வரும் பேருந்தில் பின்சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பெண் முன்னால், ஜன்னலோரம்.

"அண்ணே, லாரின்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

"இல்ல தம்பி. லாரி சரியாத்தான் சொன்னீங்க. கதவு எந்தப் பக்கம்னு நான்தான் பாக்கல." பைலை மடியில் நேராக்கிக்கொண்டு, "இருபத்திரண்டு வருஷத்துல முதல் வண்டி" என்றார்.

என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, அன்றும் சரி, பின்னாலும் சரி. அக்காவிடம்கூட லாரிப் பேச்சை யார் ஆரம்பித்தது என்று அவர் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் அக்கா என்னிடம், "உங்க மேல என்ன தப்பு தம்பி, நீங்க எவ்ளோ பாடுபட்டீங்க" என்றார். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. படித்தவன் செய்கிற காரியமா அது என்று நீங்கள் கேட்கலாம். படித்தவன்தான் செய்தேன்.

என் அப்பாவுக்கு நான் எதையும் விளக்கவில்லை, அவரும் எதையும் தொடவில்லை. இந்த நினைப்பு வரும்போதெல்லாம் அதை விரட்டுகிறேன். அது நியாயமில்லாத நினைப்பு. ஆனால் வருகிறது.

பெண் அந்தக் கல்லூரியில்தான் சேர்ந்தாள். காலை ஏழு ஐம்பது பேருந்து. கோப்புகளை எழுத்து வரிசைப்படி வைப்பது எப்படி என்று முதல் மாதம் சொல்லிக் கொடுக்கிறார்களாம். அப்பாவிடம் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவால்லப்பா" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கேட்பதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறாள். "சாப்பிட்டியா பாப்பா?" "சாப்பிட்டேன்ப்பா." "பஸ்ல எடம் கெடச்சுதா?" "கெடச்சுதுப்பா." முட்டைத் தட்டுகளை ஒரு நாள் வெளியே எடுத்துப் போய், கற்களை மாடிப்படிக்கடியில் கொட்டினாள். மேஸ்திரி அவற்றை ஒரு சாக்கில் அள்ளி ஓரமாக வைத்தார். அந்தச் சாக்கை இருவருமே சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

கீழ்வீட்டின் ரேடியோ நின்றுபோனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அக்கா அவரைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். ஒரு நாள் மேஸ்திரி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் பார்த்தார். ஏதாவது சொல்வார், சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மெதுவாகப் பக்கத்தில் போய், "சட்டை திரும்பியிருக்குங்க" என்றார், வேற்று மனிதரிடம் சொல்வதுபோல் அவ்வளவு மரியாதையாக. மேஸ்திரியும், "ஓ, ஆமா, தேங்க்ஸ்" என்றார். இருபது வருடத்தில் அவர் மனைவிக்கு நன்றி சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இருக்க முடியாது.

நீலப் பெட்டி பரண்மேல் ஏறிவிட்டது. சக்கரத்தில் சுற்றிய பிளாஸ்டிக் பிரிக்காமலே இருக்கிறது.

போன வாரம் அலுவலகத்துக்கு வந்த ஒரு பார்சலை எடுக்கக் கிடங்குக்குப் போனேன். மாலை லாரி ஏறிக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது, தரையில் பெட்டிக் குவியல், எல்லாம் எப்போதும்போல். அடுக்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் வேறொருவர். இளவயது ஆள், கையில் லோடு லிஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி எங்கே என்று தேடினேன். சுமப்பவர்களின் வரிசையில் மூன்றாவது ஆளாக, முதுகில் ஒரு மரப்பெட்டியோடு பலகையில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அவரே கேட்டு வாங்கிக்கிட்டார்" என்றார் பார்சல் கொடுத்தவர். "எவ்ளோ சொல்லியும் கேக்கல. தூக்கறேன், வைக்கச் சொல்ற எடத்துல வைக்கறேன், அது போதும்ங்கறார்."

மேஸ்திரி லாரிக்குள் போய் நின்றார். கதவோரம் நிறைய இடம் இருந்தது, உள்ளேயும் இருந்தது. அவர் அந்த மரப்பெட்டியை முதுகிலிருந்து இறக்கவில்லை. குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பி, தன் வயதில் பாதி இருக்கும் அந்த ஆளைப் பார்த்துக் கேட்டார்.

"சார், இதை எங்க வைக்கணும்?"